தமிழ் வீட்டிலிருந்து எழுந்த மலாய்க் குரல்



கேமரன் மலைச் சரிவில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. கொழுந்து பறிக்க வந்த தமிழரோடு உறுமியும் பறையும் மலையேறின. பின்னாளில் லயத்து வீடுகளுக்கு வானொலி வந்தது. 1970களின் இறுதியில் ஒரு மாலை, எங்கள் வீட்டு வானொலியில் இனிய மலாய்ப் பாடல் ஒன்று ஒலித்தது. பாடியவர் லோகநாதன் ஆறுமுகம் என அறிவிப்பாளர் கூறியதும் என் தந்தையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “நம்ம பிள்ளையா? ஏன், நம்ம மொழியில பாடக்கூடாதா?” என்றார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

விடை காண அக்குரலின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் பாடினர். அதன்பின் மின்கித்தார் மோகம் தீபகற்பமெங்கும் பரவியது. மேலைநாட்டு இளைஞர் கார் நிறுத்தும் கொட்டகைகளில் பயின்ற இசைக்குக் ‘கராஜ் ராக்’ எனப் பெயர் வழங்கியது. இங்கே அதற்கு இணையாக எழுந்த அலை ‘பொப் யே யே’ எனப்பட்டது. கித்தார்க் குழுவைக் குறிக்கக் ‘கும்புலான் கிதார் ராஞ்சாக்’ என்னும் தொடரைச் சுருக்கிக் ‘குகிரான்’ என்ற புதுச்சொல்லையே மலாய்மொழி ஆக்கிக்கொண்டது.

அவ்வலை எழுப்பிய குழுக்களுள் ஒன்று அலிகேட்ஸ். 1960களின் இறுதியில் பினாங்கில் அது உருவாயிற்று. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகள் அதன் முதன்மைக் குரல்கள். 1970களில் ஹாங்காங் சென்று மேடையேறினர். தாயகம் திரும்பி மலாய் இசைத்தட்டுகள் வெளியிட்ட பின்னரே நாடறிந்த குழுவாயினர். எம். நசீர் போன்ற மலாய் இசையமைப்பாளர்கள் தம் மெட்டுகளை இத்தமிழ்க் குரல்களிடம் நம்பி ஒப்படைத்தனர்.

அந்நம்பிக்கையின் அருமையை மொழியியல் மாணவன் நன்கு உணர்வான். லோகநாதன் பாடிய ஒரு பாடலின் தலைப்பு ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி’ என்பது. ‘ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை’ என்பது பொருள். தமிழில் பூவுக்கும் கவிதைக்கும் ‘ஒரு’ என்னும் சொல்லே போதும். மலாயிலோ பூவை எண்ணும்போது அரும்பைக் குறிக்கும் ‘குந்தும்’ உடன்வரும். கவிதையை எண்ணும்போது கனியைக் குறிக்கும் ‘புவா’ வரும். ஒலியிலும் இடர் உண்டு. மலாயில் ‘காலை’ என்பதற்கும் ‘கொடு’ என்பதற்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாகி’ என்றே அமையும். முன்னது வல்லொலியில் தொடங்குவது. பின்னது மெல்லதிர்வுடன் தொடங்குவது.

இவ்வேறுபாட்டில் இடறியவன் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளி சென்ற முதல் வாரத்தில் காலை வணக்கம் கூறினேன். வகுப்பே சிரித்தது. அவ்வாண்டு முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. இன்றும் நம் பிள்ளைகள் பலர் அந்த மௌனத்தைக் கடந்தே வருகின்றனர். தமிழ்ப்பள்ளியில் பயின்றதே குறை என அவர்கள் எண்ணிவிடும் இடமும் அதுவே.

உண்மை வேறு. ‘தம்பி’ என்று சொல்லுங்கள். அங்குள்ள பகரத்தின் ஒலி மலாய்ச் சொல்லுக்கு வேண்டிய அதே ஒலி. தமிழில் அது சொல்லின் இடையில் மெல்லினத்தின் பின் வருகிறது; மலாயில் சொல்லின் முதலிலேயே நிற்கிறது. இடம்தான் மாறியது, ஒலி நம் நாவில் முன்பே உள்ளது. எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. அதைக் கற்ற ஆசிரியர் எம்மொழியின் ஒலியையும் மாணவனுக்கு விளக்கிக் காட்ட இயலும். எனக்கு அதை அன்று எவரும் கூறவில்லை.

லோகநாதன் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். உடன்பிறந்த குரல் ஓய்ந்த பின்னும் டத்தோ டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்கவில்லை. எழுபது அகவையை எட்டிய பின்னும் மேடையேறினார். இளமையில் பாடிய மெட்டை முதுமையில் பாடும்போது மூச்சு குறையலாம். சொல்லின் மேல் உள்ள உரிமை குறைவதில்லை. அரைநூற்றாண்டு பாடிய மொழி அவருக்கு இரவல் மொழி அன்று. ஆறுமுகம் என்னும் தந்தை பெயரை அவர் மறைத்ததும் இல்லை; அப்பெயரோடுதான் நாடு அவரை அறிந்தது.

என் தந்தையார் இன்று இல்லை. இருந்திருப்பின் இவ்வாறு கூறியிருப்பேன்: ஐயா, அவர்கள் பாடிய மலாயால் தமிழ் தேயவில்லை. வகுப்பறையில் வாய் மூடிய பிள்ளைகளால்தான் தேய்கிறது. ஆசிரியர்களே, நாளைக் காலை உங்கள் மாணவரைத் ‘தம்பி’ எனச் சொல்ல வையுங்கள். பின்பு அவ்வொலியைச் சொல்லின் முதலில் வைத்து ஒலிக்கச் செய்யுங்கள். மாணவர்களே, உங்கள் தமிழை உடன்கொண்டே அடுத்த மொழிக்குள் நுழையுங்கள்.