ராம்போ: ஒரு பெயரும் அது மறைத்த மனிதனும்

ராம்போ என்றதும் நெற்றியில் துணி கட்டி, இயந்திரத் துப்பாக்கி ஏந்தி, எவராலும் வீழ்த்தப்படாமல் நிற்கும் ஒருவனே பலர் நினைவுக்கு வருகிறான். ஆனால் அப்பெயரை முதலில் பெற்ற இளைஞன் 1972-இல் வெளிவந்த ஒரு நாவலின் இறுதியில் இறந்துபோனவன். டேவிட் மோரெல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' என்னும் அந்தத் திரில்லர் நாவல் எழுப்பிய கேள்வி, திரைப்படங்களின் புகழுக்கு அடியில் புதைந்துவிட்டது.

மோரெல் கனடாவில் பிறந்தவர். 1968-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது இந்த நாவலைத் தொடங்கினார். தொலைக்காட்சியில் வியட்நாம் போர்க்காட்சியும் அதனை அடுத்து அமெரிக்க நகரங்களின் கலவரக் காட்சியும் வரக் கண்ட அவருக்கு, ஒலியை நிறுத்திவிட்டால் இரண்டும் ஒரே போராகத் தெரியும் என்று தோன்றியது. அந்தப் போர் உள்நாட்டுக்கே வந்தால் என்னவாகும் என்பதே கதையின் கரு. நாயகனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த வேளையில் அவர் மனைவி 'ராம்போ' என்ற வகை ஆப்பிளை வாங்கி வந்தார். பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் பெயரை ஆங்கிலேயர் ஒலிக்கும் விதத்துக்கு அது நெருங்கியிருந்தது. பழத்தின் பெயரும் கவிஞரின் பெயரும் சேர்ந்து ஒரு போர்வீரனின் பெயராயின.

கதை கென்டக்கி மாநிலத்தின் மேடிசன் என்னும் சிறு நகரில் தொடங்குகிறது. நீண்ட முடியும் தாடியுமாகச் சாலையோரம் நிற்கும் ராம்போவை, காவல்துறைத் தலைவர் டீசில் நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார். அவன் திரும்பி வருகிறான். மீண்டும் வெளியேற்றப்பட்டும் மீண்டும் வருகிறான். வேலையின்றி அலைந்து திரிந்ததாகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைக்கிறார்கள். அங்கே கட்டாயமாக முடிவெட்ட முற்படும்போது, எதிரியிடம் கைதியாக வதைபட்ட நினைவு அவனுள் மூண்டெழுகிறது. சவரக்கத்தியைப் பறித்து ஒரு காவலரைக் கொன்றுவிட்டு மலைக்காட்டுக்குத் தப்பியோடுகிறான்.

அவன் கேட்டது சாலையில் நடக்கவும் ஓர் உணவகத்தில் அமர்ந்து உண்ணவும் உள்ள உரிமை. அது நாவலாசிரியரின் கற்பனையில் மட்டும் எழுந்த வழக்கன்று. நாவல் வெளிவந்த அதே 1972-இன் பிப்ரவரியில், புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம் அலைந்து திரிவோருக்கு எதிராக வைத்திருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. எது குற்றம் என்பதைச் சாதாரண மனிதன் அறிய முடியாத அளவுக்கு அதன் சொற்கள் தெளிவற்றிருந்தன. யாரைப் பிடிப்பது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கே அது விட்டிருந்தது.

டீசிலை வெறும் கொடியவராகக் காட்டாததே நாவலின் பெரும்பலம். அவரும் போர் கண்டவர். கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில் காட்டிய வீரத்துக்காக நாட்டின் இரண்டாவது உயரிய விருதைப் பெற்றவர். ராம்போ பெற்றதோ முதலாவது உயரிய விருது. அத்தியாயங்கள் இருவர் பார்வையிலும் மாறி மாறிச் செல்வதால் வாசகரால் எந்தப் பக்கமும் முழுமையாகச் சாய முடிவதில்லை. டீசிலுடன் காட்டுக்குள் சென்ற பலர் மடிகிறார்கள். டீசிலைப் பிள்ளைபோல் வளர்த்த முதியவரும் அவர்களுள் ஒருவர். இறுதியில் ராம்போவைச் சுட்டு வீழ்த்துபவர் அவனுக்குப் பயிற்சியளித்த ராணுவப் பள்ளியின் தலைவர் டிராட்மேன். உருவாக்கிய அரசே அவனை அழிக்கிறது. சாகும் தறுவாயில் டீசிலுக்கு அவன்மீது பகை நீங்கிப் பரிவு பிறக்கிறது. நாவலில் மீட்சி என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவே.

இந்த மனநிலைக்கு அன்று மருத்துவத்திலும் பெயரில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில், போர் போன்ற கடும் நெருக்கடியால் விளையும் பாதிப்புக்கெனத் தனிப்பெயர் இருந்தது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதனை நீக்கியது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. திரும்பிய வீரர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் பல ஆண்டுகள் வலியுறுத்திய பின்னரே, 1980-இன் மூன்றாம் பதிப்பில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயர் இடம்பெற்றது. பெயர் இல்லாத நோய்க்குச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்பது எளிதன்று. ஆகவே அந்தப் பெயரைப் பெற்றதும் ஒருவகை நீதியே.

1982 அக்டோபரில் டெட் காட்செஃப் இயக்கத்தில் திரைப்படம் வந்தது. ராம்போ இறக்கும் முடிவும் படமாக்கப்பட்டது. முன்னோட்டம் பார்த்தவர்கள் அதை விரும்பாததால் அவன் உயிருடன் சரணடையும் முடிவே திரைக்குச் சென்றது. நாவலில் பலரைக் கொன்றவனின் கையால் படத்தில் ஒருவர் மட்டும், அதுவும் தற்செயலாக, இறக்கிறார். குற்றவுணர்வுக்குரிய காரணம் இவ்வாறு கதையிலிருந்து அகற்றப்பட்டது. அடுத்த மாதம் வாஷிங்டனில், போரில் மாண்ட 57,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறித்த கருங்கல் சுவர் திறக்கப்பட்டது. 1985-இல் வந்த இரண்டாம் படத்தில் அவன் வியட்நாமுக்கே சென்று வென்று திரும்பினான். அவ்வாண்டு அதிபர் ரீகனே பணயக்கைதிகள் விவகாரத்தையொட்டி அவன் பெயரை நகைச்சுவையாகச் சொன்னார். தோற்ற போரைக் கனவில் வெல்வதற்கான பெயராக அது மாறிவிட்டது.

நாவலுக்கும் ஒரு குறை உண்டு. அதில் வியட்நாமியர் வதைத்தவர்களாகவே நினைவில் வருகிறார்கள். தம் துயரம் உடைய மனிதர்களாக வருவதில்லை. அந்த இடத்தை நிரப்ப, வட வியட்நாம் படையில் போரிட்ட பாவ் நின் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'போரின் துயரம்' வரவேண்டியிருந்தது. அதன் நாயகன் கியென், போர் முடிந்தபின் காடுகளில் தோழர்களின் எலும்புகளைத் தேடிச் சேர்ப்பவன். வென்ற படையைச் சேர்ந்தவன். ஆயினும் அவனும் வீடு திரும்பியவனாகவில்லை.

இரு நாவல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, திரும்பி வந்த வீரன் வேண்டும் நீதி பழிவாங்குதல் அன்று என்பது விளங்கும். தன் கைகள் செய்ததையும் தனக்குச் செய்யப்பட்டதையும் முழுமையாகக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அவன் வேண்டுகோள். ராம்போ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அந்த வேண்டுகோள் மட்டும் 1972-இன் பக்கங்களிலேயே தங்கிவிட்டது.