இடுப்பை நீவிய கைகளுக்கு என்ன சாதி?

வடபழனி முருகன் கோவிலில் முடியிறக்கும் தொழிலாளர்கள் முதுகை வளைத்தே பிழைப்பவர்கள். கோவில்களில் மொட்டைக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்து, இவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. நல்லதுதான். ஆனால் இவர்களின் இடுப்பு வலியைப் பற்றி யார் பேசுகிறோம்? இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் மருத்துவமே இவர்களுடைய முன்னோரின் கைத்தொழிலாக இருந்தது என்பதையாவது நாம் அறிவோமா?

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டுதல், அழுத்துதல், இழுத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை உண்டு. ஊரில் சுளுக்கெடுக்கவும் பிடிப்பை உருவிவிடவும் கட்டியைக் கீறவும் முடிதிருத்துபவரைத்தான் அழைத்தார்கள். அவர் மனைவி பிரசவம் பார்த்தார். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலிலும் இந்த மருத்துவப் பணி பதிவாகியிருக்கிறது. மருத்துவர், பண்டிதர் என்று அச்சமூகம் தன்னை அழைத்துக்கொள்வது இந்த வரலாற்றால்தான். உடலைத் தொட்டுக் குணமாக்கியவரையே, உடலைத் தொட்டதற்காகத் தாழ்த்தியது சாதி.

இத்தோடு நிறுத்தினால் பாதி வரலாறுதான். அந்தக் கைகள் சேரிக்குள் வரக்கூடாது என்பதும் ஊர்க்கட்டுப்பாடு. நாற்று நட்டும் மூட்டை சுமந்தும் அதிகம் நொந்த முதுகுகளுக்கு அந்தக் கைகள் மறுக்கப்பட்டன. தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, பிரசவமும் பார்த்த புதிரை வண்ணார்களோ தலித்துகளாலேயே ஒதுக்கப்பட்டார்கள். இதையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். சலூனில் சேவை மறுப்பது 1955 முதல் சட்டப்படி குற்றம். அந்த மறுப்பு இன்னும் முழுதாக ஒழியவில்லை.

1921-இல் சென்னை மாகாண அரசு சுதேச மருத்துவத்தை ஆராய உஸ்மான் குழுவை அமைத்தது. 1925-இல் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. சான்றிதழ் உள்ளவரே வைத்தியர் என்ற நிலை மெல்ல வந்தபோது, எழுத்து மறுக்கப்பட்டிருந்தவர்களின் அனுபவ அறிவு வாசலிலேயே நின்றுபோனது. மருத்துவ அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர்தான். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, நீவினால் வலி போகுமா? கொஞ்ச காலத்துக்குக் குறையலாம், சான்று வலுவானதல்ல என்பதே ஆய்வுகளின் சாரம். நாட்பட்ட இடுப்பு வலிக்கான 2023 வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் மசாஜை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது, உடற்பயிற்சியையும் சொல்கிறது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எண்ணெயைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊரில் சுளுக்கெடுத்தவர் யார், யாருக்குப் பார்த்தார், யாருக்கு மறுத்தார்? பாட்டி தாத்தாக்களிடம் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். எந்தப் பாடநூலிலும் அது இல்லை.