கனவில் தங்கும் விடுதி வந்தால்...?

தங்கும் விடுதி கனவில் வந்தால் என்ன பலன்? கனவுப் பலன் நூல்களைப் புரட்டினால், 'பயணம் வரும்', 'வாழ்வில் மாற்றம் நேரும்' என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். ஆனால், ஒரு காலத்தில் இதே கனவுக்குச் சொல்லப்பட்ட பலன் என்ன தெரியுமா? மரணம்!

சொன்னவர் தெருவோரக் குறிகாரர் அல்லர். பண்டைக் கிரேக்க மொழியிலிருந்து நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள கனவு நூலின் ஆசிரியர் ஆர்டெமிடோரஸ். அவர் ஏன் அப்படிச் சொன்னார்?

மெகாராவில் ஒரு கொலை

ரோமானிய அறிஞர் சிசரோ, குறி கேட்டல் பற்றி கி.மு. 44இல் எழுதிய நூலில் ஒரு கதை வருகிறது. ஆர்க்கேடியாவைச் சேர்ந்த இரு நண்பர்கள் கிரேக்க நாட்டின் மெகாரா நகருக்கு வருகிறார்கள். ஒருவர் தெரிந்தவர் வீட்டில் தங்குகிறார். மற்றவர் விடுதிக்குப் போகிறார்.

நள்ளிரவில், வீட்டில் உறங்கியவரின் கனவில் நண்பர் தோன்றி, விடுதிக்காரன் தம்மைக் கொல்லப் போவதாகக் கதறுகிறார். திடுக்கிட்டு எழுந்தவர், கனவுதானே என்று மீண்டும் படுத்துவிடுகிறார். நண்பர் மறுபடியும் வருகிறார். உயிரோடு இருந்தபோது உதவாதவர், சாவுக்காவது நியாயம் தேடித்தர வேண்டும் என்கிறார். தம் உடல் ஒரு வண்டியில் சாணத்துக்கு அடியில் கிடப்பதாகவும், விடிந்ததும் நகர வாசலுக்கு வரும்படியும் சொல்கிறார். காலையில் அந்த வண்டி வந்தது. உடல் கிடைத்தது. விடுதிக்காரன் தண்டிக்கப்பட்டான்.

கனவு பலிக்கும் என்று வாதிட இக்கதையைச் சொல்பவர் சிசரோவின் தம்பி குவின்டஸ். அடுத்த பாகத்திலேயே சிசரோ அந்த நம்பிக்கையை மறுத்துவிடுகிறார். கதை உண்மையோ பொய்யோ, அதிலுள்ள அச்சம் உண்மையானது. விடுதிக்காரர்கள் வழிப்போக்கரை நண்பர்களாக நடத்தாமல், பிடிபட்ட பகைவரிடம் மீட்புப் பணம் கேட்பதுபோல் கறக்கிறார்கள் என்று பிளேட்டோவும் தம் 'சட்டங்கள்' நூலில் குறைபட்டிருக்கிறார்.

எல்லாரையும் ஏற்கும் இடம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்டெமிடோரஸ், கிரேக்கம், ஆசியா, இத்தாலி எனச் சுற்றி, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கனவுகளைச் சேகரித்தவர். நோயாளியின் கனவில் விடுதிக்காரன் வந்தால் அது மரணத்தைக் குறிக்கும் என்றார். விடுதிக்கும் அதே பலன்தான். விடுதிக்கான கிரேக்கச் சொல் 'பாண்டோக்கெயோன்'. எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அதன் பொருள். மரணமும் அப்படித்தானே? ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லை.

நோயற்றவருக்கோ இதே கனவு மனக்கவலையையும் அலைச்சலையும் பயணத்தையும் காட்டும் என்றார். ஒரே கனவு, ஆளுக்கொரு பலன்! கனவு கண்டவர் யார், என்ன தொழில், உடல்நிலை எப்படி, வயது என்ன என்று கேட்டறியாமல் பலன் சொல்லக்கூடாது என்பது அவர் வகுத்த விதி.

பூட்டும் சாவியும்

காலம் மாறியது, விடுதியும் மாறியது. அமெரிக்கச் சத்திரங்களில் முன்பின் தெரியாதவரோடு ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்வது சாதாரணமாக இருந்தது. 1829இல் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்ட டிரிமாண்ட் ஹவுஸ், ஒவ்வோர் அறைக்கும் பூட்டும் சாவியும் தந்து புகழ்பெற்றது. கொலைகாரன் பற்றிய பயம் குறைந்தது. புதிய கவலைகள் பிறந்தன: சாவி தொலைவது, அறை எண் மறப்பது, முடிவில்லாத நடைபாதையில் அலைவது. இன்றைய விளக்கங்கள், வீட்டைக் கனவு காண்பவரின் நிலையான வாழ்வாகவும், விடுதியை அவர் கடந்து செல்லும் தற்காலிக நிலையாகவும் பார்ப்பது இதனால்தான்.

1900ஆம் ஆண்டிட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலின் ஆசிரியர் சிக்மண்ட் ஃபிராய்டும் ஆர்டெமிடோரஸை மதித்தவர். ஆனால், ஒன்றில் மாறுபட்டார். கனவுச் சின்னம் பலன் சொல்பவருக்கு எதை நினைவூட்டுகிறது என்பது அவருக்கு முக்கியமல்ல. கனவு கண்டவருக்கே எதை நினைவூட்டுகிறது என்பதே முக்கியம்.

ஆகவே, நோய்ப்படுக்கையில் இருக்கும் ஒருவர் தங்கும் விடுதியைக் கனவு கண்டு கலங்கத் தேவையில்லை. அந்தப் பழைய பலன், விடுதிக்குப் போனவர் உயிரோடு திரும்புவாரா என்று வீட்டார் அஞ்சிய காலத்தில் எழுதப்பட்டது. தேனிலவுக்கு விடுதிக்குச் சென்றவருக்கும், அங்கே இரவுப் பணி பார்ப்பவருக்கும் ஒரே கட்டடம் ஒரே பொருளைத் தருமா? பலன் நூலைத் திறப்பதற்கு முன், கனவு கண்டவரிடமே கேட்பதுதான் முறை.