சினர்ஜி: இரண்டும் இரண்டும் ஐந்து

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியை, அதைவிடப் பெரிய ஒரு கம்பெனி வாங்கியது. அறிவிப்பு வந்த மறுநாள் எல்லோரையும் மூன்றாவது மாடி ஹாலில் கூட்டினார்கள். சமோசா, காபி எல்லாம் உண்டு. மேடையில் பேசியவர் அரை மணி நேரத்தில் 'சினர்ஜி' என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னார். வேலையில்லாமல் உட்கார்ந்து எண்ணியவன் நான்தான்.

படியிறங்கும்போது, கணக்குப் பிரிவில் இருபது வருடமாகச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணன் கேட்டார். "ஏம்ப்பா, நீதான் புஸ்தகமெல்லாம் படிக்கிறவன். அந்த சினர்ஜின்னா என்ன?"

"சேர்ந்து வேலை செய்யறதுண்ணே. தனித்தனியா செய்யறதைவிட சேர்ந்து செஞ்சா பலன் கூடுதலா வரும்ல, அதுதான்."

"அப்ப நல்லதுதான்" என்றார்.

நாலு மாதத்தில் சம்பளப் பட்டியல் வேலை முழுவதும் வாங்கிய கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனது. அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் சொன்ன அர்த்தம் அகராதிப்படி சரி. ஆனாலும் அவரிடம் பொய் சொல்லிவிட்ட மாதிரி ஒரு உறுத்தல். அதனால்தான் இந்தச் சொல்லின் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

மூலம் கிரேக்கம். 'சின்' என்றால் உடன், 'எர்கான்' என்றால் வேலை. நமக்குப் பழக்கமான எனர்ஜிக்குள்ளும் இதே எர்கான்தான் இருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், 'நாங்கள் கடவுளின் உடன்வேலையாட்கள்' என்ற பொருளில் பவுல் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்.

அந்தச் சின்ன வார்த்தையை வைத்து 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பெரிய சண்டையே நடந்தது. மனிதன் மீட்படைவது முழுக்கக் கடவுளின் வேலையா, இல்லை மனிதனின் விருப்பமும் கூடச் சேர்ந்து வேலை செய்கிறதா? இதுதான் கேள்வி. லூத்தருக்குப் பின் மெலாங்க்தன் வழி வந்தவர்கள் சேர்கிறது என்றார்கள். எதிர்த்தரப்பு அவர்களை 'சினர்ஜிஸ்டுகள்' என்று திட்டியது. 1577இல் உருவான 'ஃபார்முலா ஆஃப் கான்கார்ட்' என்ற அறிக்கை சினர்ஜிஸ்டுகளின் கருத்தை நிராகரித்தது. ஆக, இந்தச் சொல் ஒரு காலத்தில் வசைச்சொல்லாகவும் இருந்திருக்கிறது.

பிறகு அது மருத்துவத்துக்குள் வந்தது. ஒரே அசைவுக்காகச் சேர்ந்து இயங்கும் தசைகளுக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். மருந்துகளுக்கும் வைத்தார்கள். சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெதோபிரிம் என்ற இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுப்பது நல்ல உதாரணம். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் பாதையில், ஒன்று ஒரு படியை அடைக்கிறது, மற்றது அடுத்த படிகளில் ஒன்றை அடைக்கிறது. தனித்தனியாகச் செய்வதைவிடச் சேரும்போது பலன் பன்மடங்கு. சோதித்துக் காட்டக்கூடிய சினர்ஜி இது.

இந்தச் சொல்லுக்குக் கிடைத்த பொருள்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் கொடுத்தது. 1941இல் பிரின் மார் கல்லூரியில் ஆற்றிய உரைகளில், சமூகங்களை சினர்ஜி அதிகமானவை, குறைந்தவை என்று அவர் பிரித்தார். ஒருவர் தன் நன்மைக்காகச் செய்கிற காரியமே ஊருக்கும் நன்மையாக முடிகிறது என்றால் அங்கே சினர்ஜி அதிகம். ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்றே ஆகணும் என்றால் அங்கே குறைவு. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1960களில் இந்தக் கருத்தை எழுதிப் பரப்பினார். நிர்வாகம் பற்றிய அவருடைய புத்தகத்திலும் இதைக் கொண்டுவந்தார்.

அதே காலத்தில்தான் சொல் வேறொரு வாசல் வழியாகவும் கம்பெனிகளுக்குள் நுழைந்தது. ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் அன்சாஃப், 1965இல் 'கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி' என்ற நூலை வெளியிட்டார். அதில் சினர்ஜியை 2 + 2 = 5 என்ற கணக்காக விளக்கினார். விற்பனை, உற்பத்தி, முதலீடு, நிர்வாகம் என்று நாலு இடங்களில் அது வரலாம் என்று பிரித்தார். முக்கியமாக, அது எதிர்மறையாகவும் போகலாம் என்று எச்சரித்தார். அதாவது இரண்டும் இரண்டும் சேர்ந்து மூன்றாகவும் ஆகலாம். மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

அது அமெரிக்காவில் ஒரு கம்பெனி கண்டதையெல்லாம் வாங்கிக் குவித்த காலம். தொலைபேசித் தொழிலில் இருந்த ஐடிடி, கார் வாடகைக் கம்பெனி, ஷெரட்டன் ஹோட்டல்கள், ரொட்டி பேக்கரி என்று வாங்கியது. விமானமும் மின்னணுச் சாதனமும் செய்த லிங்-டெம்கோ-வாட் நிறுவனம், 1967இல் வில்சன் என்ற இறைச்சிக் கம்பெனியை வாங்கி இறைச்சி, விளையாட்டுச் சாமான், மருந்து என்று மூன்றாக உடைத்தது. பங்குச் சந்தைக்காரர்கள் அவற்றுக்கு மீட்பால், கோல்ஃப்பால், கூஃப்பால் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூஃப்பால் என்றால் அன்றைய கொச்சையில் தூக்க மாத்திரை. மூன்று உருண்டைக்கும் நடுவே என்ன சினர்ஜி? நிறுவனர் ஜிம் லிங் 1970இல் பதவியிழந்தார்.

சொல் மட்டும் அழியவில்லை. 2000 ஜனவரியில் இணையக் கம்பெனி ஏஓஎல், டைம் வார்னருடன் இணைவதாக அறிவித்தபோது மறுபடியும் அதே பாட்டு. இந்தப் பக்கம் இணையம், அந்தப் பக்கம் பத்திரிகையும் சினிமாவும் டிவியும், சேர்ந்தால் ஐந்து. 2002ஆம் ஆண்டுக்கு அவர்கள் காட்டிய நஷ்டம் ஏறக்குறைய 9,870 கோடி டாலர். 2009இல் இரண்டும் பிரிந்தே போயின.

சரி, இவ்வளவு அடிபட்டும் ஏன் விட மாட்டேங்கிறாங்க? காரணம் கணக்கில் இருக்கிறது. சந்தையில் 100 ரூபாய் மதிப்புள்ள கம்பெனியை 130 கொடுத்து வாங்குகிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் 30 எங்கிருந்து திரும்பி வரும் என்று பங்குதாரர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில்தான் சினர்ஜி. அதில் இரண்டு வகை. சேர்ந்ததால் விற்பனை கூடும் என்பது வருமான சினர்ஜி. அது வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு அலுவலகம் எதற்கு, இரண்டு கணக்குப் பிரிவு எதற்கு என்பது செலவு சினர்ஜி. அதை எண்ணிக் காட்டிவிடலாம். ஹெச்பி கம்பெனி 2001இல் காம்பேக்கை வாங்குவதாக அறிவித்தபோது ஆண்டுக்கு சுமார் 250 கோடி டாலர் செலவு சினர்ஜி கிடைக்கும் என்றது. கூடவே ஏறக்குறைய 15,000 வேலைகள் போகும் என்றும் சொன்னது. இரண்டும் வேறுவேறு செய்தி இல்லை.

ரூத் பெனடிக்டின் அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் பிழைக்க இன்னொருவர் போக வேண்டியிருந்தால் அது சினர்ஜி குறைந்த இடம். கம்பெனிகளோ அந்த இடத்துக்கே 'சினர்ஜி' என்று போர்டு மாட்டிவிட்டன.

சேர்ந்து செய்தால் கூடுதல் பலன் என்பது நமக்குப் புதுசு இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். ஆனால் தேர் நிலைக்கு வந்ததும் பாதிப் பேரை ஊரைவிட்டு அனுப்புவதில்லை.

அந்த அண்ணன் இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். "விடுப்பா, நீ என்ன பண்ணுவே" என்றார். அப்புறம், "இப்ப யாராவது கேட்டா என்ன சொல்லுவே?" என்றார்.

"வருமானமா, செலவான்னு முதல்ல அவங்களைக் கேளுங்கன்னு சொல்லுவேன்ணே."

"செலவுன்னா?"

"அன்னைக்கே பயோடேட்டாவைத் தூசு தட்டிடுங்கன்னு சொல்லுவேன்."