வயிற்றுவாரும் நிறமூர்த்தச் சோடியும்

மட்டக்களப்பில் குடியைப் பற்றிப் பேசக்குள்ள 'வயிற்றுவார்' என்றொரு சொல் வரும். தாய், தாயின் தாய் என்று பெண்வழியே போகிற கிளைக்கு அந்தப் பெயர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயில் உரிமை என்று வந்தால் இன்றைக்கும் குடி கேட்பார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் இதைச் சமூக வரலாறாகத்தான் பார்த்திருந்தோம். உயிரியலின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், அந்தச் சொல் அங்கேயும் பொருந்திக்கொண்டு நிற்குது.

முட்டை உருவாக ஒடுக்கற்பிரிவு நடக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் தகப்பனிடமிருந்து வந்ததும் முதலில் சோடி சேரும், பிறகு பிரியும். ஆணில் இது பருவம் அடைந்த பிறகுதான் தொடங்கும். பெண்ணில் அவள் பிறக்க முன்னமே தொடங்கி, பாதியில் நின்றுவிடும். ஆக, எங்களை உண்டாக்கின முட்டையில் சோடி சேர்ந்தது அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோது!

அவ்வளவு காலமும் சோடியைப் பிடித்து வைத்திருப்பது என்ன? 1909இல் பெல்ஜியப் பாதிரியார் ஜான்சென்ஸ், சோடிகள் குறுக்கே பின்னி நிற்கும் இடங்களைக் கவனித்து, அங்கே துண்டுகள் மாறுகின்றன என்றார். அந்தப் பின்னல்தான் 'கயஸ்மா'. சோடியைப் பிரியும்வரை கட்டி வைப்பதும் அதுதான் என்று 1930களில் வாதிட்டவர் இங்கிலாந்தின் டார்லிங்டன். அவரோடு சேர்ந்து 1945இல் பயிர்ச்செடிகளின் நிறமூர்த்தப் பட்டியல் நூலை வெளியிட்டவர், கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்த தலச்சேரிப் பெண் ஜானகி அம்மாள். 1956இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி, சோடியின் நடுவே ஏணி போன்ற ஒரு அமைப்பைக் காட்டியது. ஆனால் அந்த ஏணி சோடி சேரும் காலத்துக்கு மட்டும்தான். அது கழன்ற பிறகு கயஸ்மாவும், 'கொஹீசின்' என்ற புரத வளையங்களும்தான் பிடி.

2010இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் முக்கியமான ஒன்றைச் சொன்னன. முட்டையில் அந்த வளையங்கள் பிறப்புக்கு முன் போட்டவைதான். பிறகு புதுசாகப் போடப்படுவதாகத் தெரியவில்லை. வயது போகப் போக அவை குறையும், சோடி நேரத்துக்கு முன் தளரும், ஒரு நிறமூர்த்தம் பிழையான பக்கம் போகலாம். 21ஆவது நிறமூர்த்தம் மூன்றாக வந்தால் டவுன் சிண்ட்ரோம். அந்த மூன்றாவது நிறமூர்த்தத்தைக் கண்டது 1959இல். தாயின் வயதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 1933இலேயே பென்ரோஸ் காட்டியிருந்தார்.

இதை ஏன் எழுதுறோம்? இப்படியொரு பிள்ளை பிறந்தால் எங்கட ஊர்களில் முதல் விரல் தாயைத்தான் நோக்கி நீளும். கிரகணத்தில வெளிய போனாளாம், ஆகாததைத் திண்டாளாம். அந்தப் பேச்சுக்கு இந்த வரலாற்றில் ஒரு இடமும் இல்லை. இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கினம். சில வேளை கூடுதல் நிறமூர்த்தம் தகப்பன் வழியாகவும் வரும். தாய்வழியில் வந்தாலும், அந்த வளையங்கள் அவள் கண் திறக்க முன்னமே போடப்பட்டவை. அவள் எதையும் செய்து தளர்த்தவில்லை. வயிற்றுவாரைப் பெருமையாகச் சொல்லுற சமூகம், வயிற்றைக் குற்றம் சொல்லுறதை நிறுத்தலாம்.