அச்சும் திரையும்: படுவான்கரை வாசகரை முன்வைத்து ஓய்வுநேரச் சஞ்சிகைகள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஓய்வு நேரத்தில் விரும்பி வாசிக்கும் சஞ்சிகையை அச்சில் வாசிப்பது நல்லதா, கைத்தொலைபேசியில் வாசிப்பது நல்லதா என்ற கேள்வி பெரும்பாலும் நகர வாசகரின் வசதியை வைத்தே பேசப்பட்டு வருகிறது. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் வெல்லாவெளி வாசகருக்கு அதற்கு முந்திய கேள்விகள் சில உண்டு. எது ஊருக்கு வந்து சேரும்? வந்தது எத்தனை காலம் நிற்கும்? படித்து முடித்த பின் அடுத்தவர் கைக்குப் போகுமா?

இம்மூன்று கேள்விகளையும் அளவுகோலாகக் கொண்டு அச்சையும் மின்னுருவையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். புதிய இதழை ஊன்றி வாசிக்கவும் கைமாற்றவும் அச்சு உகந்தது. பழைய இதழைக் காக்கவும் தேடி எடுக்கவும் மின்னுரு உகந்தது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் பொறுப்பு ஊர் நூலகத்துக்கு உரியது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

2. ஆய்வுக்களம்

வெல்லாவெளி, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர். வாவியின் கிழக்கே கடலோரமாக நீளும் பகுதி எழுவான்கரை; மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்த பகுதி படுவான்கரை. களுவாஞ்சிகுடியில் இறங்கி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளிக்குப் போகலாம். தெற்கே மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில், இப்பகுதியார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையே ஆட்களையும் வண்டிகளையும் நெடுங்காலம் கரை சேர்த்து வந்திருக்கிறது. பத்திரிகையும் சஞ்சிகையும் எழுவான்கரைக் கடைகளுக்கு வந்த பின்னரே இக்கரைக்கு வரும்.

இவ்வூர்களின் வாசிப்பு வரலாற்றை இழப்பைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்து வீடுகளின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 2007இல் படுவான்கரையில் நடந்த போரினால் மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். 2011 ஜனவரி வெள்ளம் வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. இடம்பெயர்கிறவர்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் உடுதுணியையும் எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்த்து வைத்த சஞ்சிகைக் கட்டு வீட்டிலேயே கிடந்துவிடும். ஆகவே இங்கு அச்சுக்கும் திரைக்கும் இடையிலான ஒப்பீட்டில் முதலில் எடைபோட வேண்டியது நிலைத்திருக்கும் தன்மையையே.

3. ஓய்வுநேரச் சஞ்சிகைகள்: மூவகை

வேலைக்கோ பரீட்சைக்கோ அல்லாமல், தன் ஈடுபாட்டின்பொருட்டு ஒருவர் வாசிக்கும் பருவ இதழை இக்கட்டுரை ஓய்வுநேரச் சஞ்சிகை எனக் கொள்கிறது. வாசிக்கப்படும் முறையை வைத்து அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

3.1 தொடர்ந்து வாசிப்பவை. கதை, படக்கதை, நகைச்சுவை ஆகியன. 1960களின் முற்பகுதியில் சி. சிவஞானசுந்தரம் தொடங்கிய ‘சிரித்திரன்’, 1947 முதல் தமிழில் வந்த ‘அம்புலிமாமா’, 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் என்பன இவ்வகையின.

3.2 பார்த்துச் செய்பவை. தோட்டம், சமையல், தையல், எளிய அறிவியல் பரிசோதனை, குறுக்கெழுத்து ஆகியன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழான ‘துளிர்’, வேளாண்மைக்கென 2007இல் தொடங்கிய ‘பசுமை விகடன்’ ஆகியவற்றை இங்கு சேர்க்கலாம். இலங்கையில் இவ்வகை விடயங்களைப் பெரிதும் தாங்கி வந்தவை வீரகேசரி (1930), தினகரன் (1932) ஆகிய நாளிதழ்களின் ஞாயிறு வெளியீடுகளே.

3.3 தேடி எடுப்பவை. எப்போதோ வாசித்த கட்டுரை, ஊரைப் பற்றிய குறிப்பு, பழைய அட்டைப்படம் என்று ஒன்றைத் தேடி மீண்டும் போகும் வாசிப்பு. இங்கு எந்தப் பழைய சஞ்சிகையும் இடம்பெறும். 1966 முதல் 2012 வரை டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ தன் அட்டைகளில் எழுத்தாளர், கலைஞர்களின் படங்களை வெளியிட்டு வந்ததால், அந்த அட்டைகளே இன்று ஒரு வரலாற்றுத் தொகுதியாகிவிட்டன.

அச்சா, திரையா என்ற கேள்விக்கு இம்மூன்று வகைக்கும் ஒரே விடை பொருந்தாது. பொதுப்படையான வாதங்கள் பல முட்டி நிற்பது இவ்வேறுபாட்டைக் கருதாமையால்தான்.

4. அச்சின் பலமும் பலவீனமும்

4.1 கைமாறும் தன்மை

ஒரு சஞ்சிகையை வாங்குகிறவர் ஒருவர், வாசிக்கிறவர்கள் பலர். சனசமூக நிலையத்து மேசையிலும், சலூன் வாங்கிலும், அயல்வீட்டுத் திண்ணையிலும் அது கைமாறுகிறது. வாங்கிய விலை ஒரு தரம் கொடுத்தது. அதன் பின் வாசிக்கிறவருக்குச் செலவில்லை. கடவுச்சொல் வேண்டாம், டேட்டா வேண்டாம், மின்னேற்றமும் வேண்டாம். வருமானம் அறுவடையோடு ஏறி இறங்கும் வேளாண்மை ஊரில் இது சிறிய நன்மையன்று.

4.2 கையும் கண்ணும்

பார்த்துச் செய்யும் வகைக்கு அச்சே இன்றும் வசதி. நாற்றுமேடைக் குறிப்பை வாசித்தபடி மண் அளைகிறவர் ஈரக்கையோடு திரையைத் தொட முடியாது; திரை சிறிது நேரத்தில் தானே அணைந்தும் விடும். விரித்து வைத்த தாள் விரித்தபடியே இருக்கும். தையல் அளவை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். குறுக்கெழுத்தைப் பென்சிலால் நிரப்பி அழித்து மீண்டும் நிரப்பலாம்.

4.3 ஊன்றிய வாசிப்பு

பப்லோ டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரையான 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. அவற்றில் பங்குகொண்டோர் 170,000க்கும் மேற்பட்டவர்கள். தகவல் தரும் உரைநடையைத் தாளில் வாசித்தவர்கள் திரையில் வாசித்தவர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டனர். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இடைவெளி கூடியது. கதை வாசிப்பில் மட்டும் அவ்வேறுபாடு தென்படவில்லை. நமது வகைப்பாட்டில் இதைப் பொருத்தினால், படக்கதையையும் சிறுகதையையும் திரையில் வாசிக்கிறவர் அதிகம் இழப்பதில்லை. அறிவியல் கட்டுரையையோ பயிர்நோய்க் குறிப்பையோ திரையில் வாசிக்கிறவர் இழக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

4.4 அழிவு

அச்சின் பலவீனமும் இதே மண்ணில்தான் தெரிகிறது. மாரிக்கால ஈரம், கறையான், வெள்ளம், இடப்பெயர்வு என்று தாளுக்கு எதிரிகள் பல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் தாள் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் பாதுகாப்பற்றதே என்பதை ஈழத்தமிழர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர்.

5. மின்னுருவின் பலமும் பலவீனமும்

5.1 நூலகம் திட்டம்

அப்பாடத்துக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான விடை, தி. கோபிநாத், மு. மயூரன் முதலியோர் முன்னின்று 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என 100,000க்கும் அதிகமான ஆவணங்கள் அங்கு திரட்டப்பட்டுள்ளன. சிரித்திரன், மல்லிகை போன்றவற்றோடு, 2008இல் மட்டக்களப்பில் தொடங்கிய ‘செங்கதிர்’ போன்ற பிற்கால இதழ்களும் அதன் திரட்டில் உள்ளன. சூறாவளிக்குத் தம் இதழ்களைப் பறிகொடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளை அதே இதழ்களைக் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். யானை நடமாட்டத்தால் இருட்டிய பின் வெளியே போகத் தயங்கும் ஊர்களில், வீட்டில் இருந்தபடி வாசிக்கக் கிடைப்பதும் தனிப் பயன்.

இப்பணி தனிமனித ஈடுபாட்டின்மேல் எழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் பருவ இதழ்களும் துண்டு வெளியீடுகளும், அவர் மறைவுக்குப் பின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பிறர் கழித்துவிடும் ஓய்வுநேர இதழ்களை அவர் கழிக்காது வைத்திருந்தமையே இன்று ஆய்வாளருக்கு முதலாகியுள்ளது. காக்கப்பட்ட அச்சு இல்லாமல் மின்னுரு இல்லை.

5.2 படமாக இருப்பதும் எழுத்தாக இருப்பதும்

மின்னுரு எல்லாம் ஒரே தரத்தன அல்ல. பழைய இதழ்கள் பெரும்பாலும் பக்கத்தின் படங்களாகவே கிடைக்கின்றன. மூன்று பத்தியாக அமைந்த பெரிய பக்கத்தை உள்ளங்கையளவு திரையில் வாசிப்பதை உற்றுப் பார்த்தால் சிக்கல் தெரியும். முதற்பத்தியை விரல்களால் விரித்துப் பெருப்பித்து, கீழே இழுத்து, முடிந்ததும் மேலே தள்ளி வலப்பக்கம் நகர்த்த வேண்டும். சற்றுப் பிசகினால் அடுத்த பக்கம் வந்துவிடும். விட்ட வரியை மீண்டும் தேட வேண்டும். படக்கதையில் இரு பக்கம் விரிந்த ஓவியம் நடுவே வெட்டுண்டு போகிறது. ஆயினும் படவடிவத்தில் ஒரு நன்மை உண்டு: அக்கால விளம்பரம், விலை, அச்சகத்தின் பெயர், ஓரத்தில் யாரோ இட்ட கையெழுத்து எல்லாம் அப்படியே எஞ்சுகின்றன.

கணினியிலேயே பக்கம் அமைக்கப்பட்ட பிற்கால இதழ்களில் வேறொரு சிக்கல். இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். அதிலிருந்து ஒரு சொல்லைப் பிரதியெடுத்தால் ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விழும். ‘வெல்லாவெளி’ என்று தேடினால், அச்சொல் பக்கத்தில் இருந்தும் அகப்படாது. தேடல் வசதியே மின்னுருவின் தலையாய பலம் என்கிறோம். யூனிகோட் எழுத்து இல்லாதபோது அந்தப் பலம் பாதியாகக் குறைகிறது.

5.3 சந்தாவும் உடைமையும்

காசு கொடுத்து வாங்கும் மின்னிதழில், வாங்கியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாசிக்கும் அனுமதி மட்டுமே. கிண்டில் வழியாகத் தனித்தனிச் சஞ்சிகைகளுக்குச் சந்தா கொடுக்கும் ஏற்பாட்டை அமேசான் 2023 செப்டெம்பரில் நிறுத்தியது. வாசகர் தம் சந்தாவைத் தொடர விரும்பினாலும் தொடர வழியில்லை.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அம்புலிமாமா. 2007இல் அதை மும்பை நிறுவனம் ஒன்று வாங்கியது. பழைய இதழ்கள் பல இணையத்தில் ஏற்றப்பட்டன. பின்னர் நிறுவனம் நொடித்தது. அச்சும் நின்றது, இணையத் தொகுப்பும் மறைந்தது. அதைத் தம் கணினியில் முன்னமே இறக்கி வைத்திருந்தவர்களும் அச்சுப் பிரதிகளைக் காத்தவர்களுமே அவ்விதழை வாசகருக்கு மிச்சப்படுத்தினர். வேறொருவரின் வழங்கியில் மட்டும் இருக்கும் கோப்பு, ஒரேயொரு கட்டடத்தில் மட்டும் இருந்த தாளைப் போலவே ஆபத்துக்கு உட்பட்டது.

6. 2022: இரண்டும் ஒருங்கே தடைப்பட்ட ஆண்டு

அச்சும் திரையும் ஒன்றுக்கொன்று மாற்று என்போர் இலங்கையின் 2022ஆம் ஆண்டை நோக்க வேண்டும். அந்நியச் செலாவணி இன்றிக் காகித இறக்குமதி தடைப்பட்டது. மார்ச் மாதத்தில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமையால் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. தாளும் இல்லை, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும் வழியில்லை.

அந்நாட்களில் வீட்டில் இருந்த பழைய சஞ்சிகையை மட்டும் எந்தத் தடையும் தொடவில்லை. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலும், கையிருப்பில் இருந்த இதழ்களும் உள்ளூர் வெளியீடுகளுமே வாசகருக்குக் கைகொடுத்தன. இரு காலங்களும் உணர்த்துவது ஒன்றே: வரத்து நின்றாலும் வாசிப்பு நிற்காதிருக்க, ஊரிலேயே இருப்பு வேண்டும்.

7. முடிபுகளும் பரிந்துரைகளும்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் வருமாறு.

(அ) தொடர்ந்து வாசிக்கும் வகைக்கு இரு வடிவமும் ஏற்றவை. பார்த்துச் செய்யும் வகைக்கு அச்சு சிறந்தது. தேடி எடுக்கும் வகைக்கு மின்னுரு சிறந்தது.

(ஆ) கைமாறும் தன்மையில் அச்சு முன்னிற்கிறது. பேரழிவைத் தாண்டி நிற்பதில், பல இடங்களில் பிரதி இருக்குமாயின், மின்னுரு முன்னிற்கிறது.

(இ) ஓரிடத்தில் மட்டும் இருப்பது எவ்வடிவில் இருந்தாலும் அழியும்.

இவற்றின் அடிப்படையில் நான்கு பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, பிரதேச சபை நூலகங்கள் பழைய சஞ்சிகைகளைக் கழிவுத்தாளாக விற்பதை நிறுத்தி, ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். ஊரார் வீடுகளில் கிடப்பவற்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, மட்டக்களப்பில் இதழ் நடத்துவோர் ஒவ்வோர் இதழின் யூனிகோட் கோப்பையும் ‘நூலகம்’ போன்ற எண்ணிமத் திரட்டுகளுக்குத் தாமே கொடுத்துவிட வேண்டும். அச்சுக்குப் போகும் நாளில் அரை மணி நேர வேலை இது. பிற்காலத்தார் பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் உழைப்பை அது மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, ஊர் நூலகத்துக் கணினி ஒன்றில், உரிமையாளரின் அனுமதியோடு, பழைய இதழ்களின் கோப்புகளை இணைய இணைப்பின்றியே வாசிக்கும்படி சேமித்து வைக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டு நீடிக்கிறது. ஆகவே ஆசிரியர்களும் இதழாசிரியர்களும் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் அனுமதி பெறுவது அவசியம்.

நான்காவது, பாடசாலை மாணவரை இரு வடிவிலும் வாசிக்கப் பழக்க வேண்டும். பயிர்நோய்க் கட்டுரையைத் தாளில் ஊன்றி வாசிக்கவும், அதே நோயைப் பற்றிய பழைய குறிப்பைத் திரையில் தேடி எடுக்கவும் தெரிந்த பிள்ளை இரண்டின் பலனையும் பெறும்.

8. முடிவுரை

ஓய்வுநேரச் சஞ்சிகை இலேசான வாசிப்பு என்று கருதி அதைக் காப்பதில் நாம் அசட்டையாக இருந்துவிட்டோம். ஒரு சமூகம் எதற்குச் சிரித்தது, என்ன சமைத்தது, எந்தப் படக்கதையைச் சண்டையிட்டு வாசித்தது என்பவற்றைப் பாடநூல்கள் பதிவு செய்வதில்லை. அவை இச்சஞ்சிகைகளில்தான் உள்ளன. சூறாவளியும் போரும் வெள்ளமும் கண்ட படுவான்கரைக்கு இப்பதிவு ஏனைய இடங்களைவிட அதிகம் தேவை. வெல்லாவெளியில் ஒரு நூலக அலுமாரியும் ஒரு கணினியும் இதற்குப் போதும். அவ்வலுமாரியை நிரப்பும் வேலையை அடுத்த அனர்த்தம் வருமுன் தொடங்க வேண்டும்.