தட்டச்சுப் பொறி முதல் தமிழ்99 வரை: தமிழ் விசைப்பலகை எளிதான வரலாறு

தமிழ் விசைப்பலகை என்பது தமிழ் எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியிலும் கணினியிலும் கைப்பேசியிலும் உள்ளிட உதவும் விசைகளின் அமைப்பு ஆகும். ஒரு மொழியை எளிதாக எழுத முடிகிறதா என்பது, இன்று பெருமளவு இந்த அமைப்பைப் பொறுத்தே இருக்கிறது. தமிழில் இது ஒரே நாளில் உருவானதல்ல. எழுதுபவர் பட்ட சிரமம், அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு, அந்தத் தீர்வு கொண்டுவந்த புதிய சிரமம் என்று அது படிப்படியாக வளர்ந்தது. சில திருத்தங்கள் உடனே வேரூன்றின. சில திருத்தங்கள் நல்லவையாக இருந்தும் பாதி வழியில் நின்றன. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை அறிவது, தமிழைக் கணினியில் எழுதும் மாணவர் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

ஓலையும் புள்ளியும்

எழுதுவதை எளிதாக்கும் முயற்சி விசைப்பலகைக்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று பலர் புள்ளி வைப்பதில்லை. இதனால் மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து உணர வேண்டியிருந்தது. எகர ஒகரங்களின் குறிலைக் காட்டவும் அக்காலத்தில் புள்ளியே பயன்பட்டது. புள்ளி விடுபட்டபோது குறில் எது, நெடில் எது என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் (1680–1747) இதற்குத் தீர்வு கண்டார். குறிலுக்குப் புள்ளி வைப்பதற்குப் பதிலாக நெடிலின் வடிவத்தையே மாற்றி, எ – ஏ, ஒ – ஓ என்ற வேறுபாட்டை நிலைபெறச் செய்தார். ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே) என்ற வேறுபாடும் அவ்வாறு வந்ததே. இன்று முதல் வகுப்புக் குழந்தை இயல்பாகப் படிக்கும் இவ்வடிவங்கள், பிறமொழியாளராக வந்து தமிழ் பயின்ற ஒருவர் கொண்டுவந்த திருத்தம் என்பது குறிப்பிடத்தக்கது.

அச்சும் எழுத்துச் சீர்திருத்தமும்

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்செழுத்து தேவைப்பட்டது. கா, சா, தா போன்றவற்றில் மெய்யின் பக்கத்தில் கால் வைத்தால் போதும். ஆனால் ணா, றா, னா ஆகியவை அப்படி எழுதப்படவில்லை. எழுத்தோடு இணைந்து வளைந்த தனி வடிவங்களைக் கொண்டிருந்தன. ணை, லை, ளை, னை ஆகியவை யானையின் தும்பிக்கை போலச் சுருண்ட கொம்பைப் பெற்றிருந்தன. கற்கும் குழந்தைக்கும் அச்சுக் கோப்பவருக்கும் இவை கூடுதல் சுமையாக இருந்தன.

இதழ்களை நடத்திய அனுபவம் கொண்ட பெரியார் ஈ. வெ. ராமசாமி, 1935-ஆம் ஆண்டு தம் குடிஅரசு இதழில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் எம். ஜி. ராமச்சந்திரன் தலைமையிலான தமிழ்நாடு அரசு இதை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ என 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதலாம் என்ற பெரியாரின் பரிந்துரை இந்த ஆணையில் இடம்பெறவில்லை.

இந்தத் திருத்தம் வெற்றி பெற்றதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, புதிய வடிவம் மக்கள் முன்பே அறிந்த விதியைப் பின்பற்றியது. கா எழுதத் தெரிந்தவருக்கு னா எழுதத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. இரண்டாவது, அது பாடநூல் வழியாக வந்தது. புதிதாகப் பள்ளியில் சேர்ந்த குழந்தை புதிய வடிவத்தை மட்டுமே கற்றது. பழைய வடிவத்தில் எழுதிப் பழகிய பெரியவர்கள் கடைசி வரை அப்படியே எழுதினாலும், அதனால் யாருக்கும் இடையூறு இல்லை.

தட்டச்சுப் பொறி

தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியில் உள்ளவையோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். ஒரு விசைக்கு இரண்டு வடிவங்கள். இந்தச் சிறிய இடத்தில் தமிழை அடக்கியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா. அவர் வகுத்த விசை அமைப்புடன் தமிழ்த் தட்டச்சுப் பொறிகள் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டன.

சாதாரண விசையைத் தட்டினால், தாள் ஓர் எழுத்தளவு இடப்பக்கம் நகரும். புள்ளி போன்ற குறிகளுக்கு இது பொருந்தாது. எழுத்தும் புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இதற்காக நகராத விசைகள் அமைக்கப்பட்டன. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், தாள் நகராது. பிறகு மெய்யைத் தட்டினால், அது புள்ளிக்குக் கீழே பதியும். சிலேட்டில் எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கப் பழகிய கை, பொறியில் புள்ளியை வைத்துவிட்டு எழுத்தைத் தேட வேண்டும். அதேபோல் "கொ" என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று தட்டுகளானது. பொறிக்குத் தெரிந்தது எழுத்தின் உருவம் மட்டுமே, ஒலி அல்ல.

இருந்தும் இந்த அமைப்பு நிலைத்தது. அலுவலகங்களும் நீதிமன்றங்களும் தமிழில் கடிதம் எழுத இதுவே வழி. தட்டச்சுப் பயிலகங்கள் ஊர்தோறும் தோன்றின. இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறினால் அரசு வேலைக்குத் தகுதி கிடைத்தது. சிரமப்பட்டுக் கற்ற கலை, ஒரு குடும்பத்தின் பிழைப்பாகவும் ஆனது.

கணினி கொண்டுவந்த குழப்பம்

1980-களில் கணினியில் தமிழ் நுழைந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இவர்களைப் போல் பலர், பல நாடுகளில், தத்தம் வழியில் முயன்றனர்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்து அறிய வேண்டும். எந்த விசையில் எந்த எழுத்து என்பது விசைப்பலகை. அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாக நினைவில் வைக்கிறது என்பது குறியீட்டு முறை. 1990-களில் இரண்டிலும் ஒற்றுமை இல்லை. ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றுக்கு வேறோர் எழுத்துரு. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். நண்பருக்கு அனுப்பிய தமிழ்க் கடிதத்தை அவரால் படிக்க முடியாமல் போவது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து, திஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறையை உருவாக்கினர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டது. நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தட்டச்சு செய்பவருக்கு, ஒரு சொல்லில் இரண்டு தட்டு குறைந்தாலும் அது பெரிய உதவி. எனவே, எளிய விசைப்பலகை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

தமிழ்99

1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றது. அதன் விளைவாக வந்ததே தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு இதை ஏற்று ஆணை வெளியிட்டது.

இதன் அமைப்பில் தமிழ் இலக்கணம் தெளிவாகத் தெரியும்.

• உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். உயிர்மெய் எழுதும்போது இரு கைகளும் மாறி மாறி இயங்கும்.

• நடு வரிசையில் அ, இ, உ, எ என்ற குறில்கள். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்ற நெடில்கள்.

• வல்லினமும் அதன் இன மெல்லினமும் பக்கத்துப் பக்கத்து விசைகளில் உள்ளன: ச – ஞ, ட – ண, த – ந, ப – ம, ற – ன. க – ங இணை மட்டும் வேறு வேறு வரிசையில் உள்ளது.

• ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே.

கடைசி விதிதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் "அம்மா" வந்துவிடும். த, ங, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டினால் "தங்கம்". "மமதை", "ததும்பு" போன்ற சொற்களில் புள்ளி விழக் கூடாது என்றால், முதல் எழுத்துக்குப் பின் அகரத்தை ஒருமுறை தட்ட வேண்டும். "கொ" என்பதற்குக் ககரமும் ஒகரமும் போதும். தட்டச்சுப் பொறி உருவத்தைக் கேட்டது. தமிழ்99 ஒலியைக் கேட்கிறது.

ஏன் எல்லோரும் மாறவில்லை?

இத்தனை சிறப்பு இருந்தும், தமிழ்99 அனைவரின் விசைப்பலகையாக ஆகவில்லை. தட்டச்சுப் பொறியில் பல ஆண்டுகள் பயின்றவரின் விரல்கள் பழைய இடத்தையே தேடின. எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒருவர் பழையதை மறக்க வேண்டியிருக்கவில்லை. விசைப்பலகையில் மறக்க வேண்டியிருந்தது.

மற்றொரு பக்கம், ஆங்கில விசைப்பலகையை முதலில் கற்றவர்களுக்கு, ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ் எழுதும் முறை எளிதாகத் தோன்றியது. இதைக் கற்க நேரமே தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இதில் "வணக்கம்" என்று எழுத எட்டுத் தட்டுகள், தமிழ்99-இல் ஆறு. ஆங்கிலத்தில் ணகரமும் நகரமும் னகரமும் ஒரே எழுத்து. எனவே ணகரத்துக்குப் பெரிய எழுத்து, தனி நகரத்துக்கு டபிள்யூ என்றெல்லாம் நினைவில் வைக்க வேண்டும். முதல் நாள் எளிதாக இருப்பது வேறு, நாள்தோறும் எளிதாக இருப்பது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது காரணம் முக்கியமானது. எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பள்ளிப் பாடத்தில் கிடைத்த இடம், விசைப்பலகைக்குக் கிடைக்கவில்லை. ஆணை அலுவலகத்துக்குச் சென்றது, வகுப்பறைக்கு வரவில்லை.

ஒருங்குறியும் கைப்பேசியும்

குறியீட்டுக் குழப்பத்தை ஒருங்குறி தீர்த்தது. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் கணினிகளில் அது பரவியது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அனைத்து உயிர்மெய்களுக்கும் தனி எண் தரும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட் முறையும் அப்போது மாற்றாக ஏற்கப்பட்டது. ஒருங்குறி வந்தபின், எழுதுபவர் எந்த விசைப்பலகையைப் பயன்படுத்தினாலும் படிப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் பல விசைப்பலகைகளை ஒன்றாக வழங்கி, தேர்வை எழுதுபவரிடமே விட்டன.

கைப்பேசியில் நிலைமை மீண்டும் மாறியது. பத்து விரல்களுக்காக வகுத்த அமைப்பு, இரண்டு கட்டைவிரல்களுக்கு அதே வேகத்தைத் தருவதில்லை. சிறு திரையில் முப்பதுக்கும் மேற்பட்ட விசைகள் நெருக்கமாகின்றன. 2005-இல் வெளிவந்த செல்லினம் போன்ற செயலிகள், தமிழ்99, ஆங்கில ஒலி வழி இரண்டையும் கைப்பேசிக்கு ஏற்ப அமைத்தன. அடுத்த சொல்லை ஊகித்துத் தரும் வசதியும், பேசினால் எழுதும் வசதியும் பின்னர் சேர்ந்தன.

வரலாறு காட்டுவது

இந்த நெடிய கதையில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வருகிறது. பயன்படுத்துபவரின் சிரமத்தைக் கண்டு திருத்தம் சொன்னவர்கள், பெரும்பாலும் அந்தச் சிரமத்தைத் தாமே பட்டவர்கள். ஆனால் திருத்தம் நிலைப்பதற்கு அதன் சிறப்பு மட்டும் போதாது. பயன்படுத்துபவர் முன்பே எதைக் கற்றிருக்கிறார் என்பதையும், புதியதை அவர் எங்கே கற்பார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 1978-இன் எழுத்துத் திருத்தத்துக்கு இரண்டும் வாய்த்தன; 1999-இன் விசைப்பலகைக்கு வாய்க்கவில்லை.

அந்த வாய்ப்பு இன்றும் கை நழுவிவிடவில்லை. உயிர், மெய், உயிர்மெய், குறில், நெடில், இன எழுத்து ஆகியவற்றைத் தொடக்க வகுப்புகளில் கற்கும் குழந்தை, தமிழ்99-இன் விதிகள் அனைத்தையும் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. எந்த எழுத்து எந்த விசையில் என்பதை மட்டுமே அது பழக வேண்டும். அவ்வாறு பழகினால், தன் தாய்மொழியை எழுத வேறொரு மொழியின் எழுத்துகளைக் கடந்து வர வேண்டிய தேவை அந்தக் குழந்தைக்கு இருக்காது.